தூரக் கிளை அலுவலகத்தில் மடிக்கணினியை வழிப்படுத்தியுடன் இணைத்தல்

பாடம்: தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்
அலகு: கணினி வலையமைப்பு



"வழிப்படுத்தி என்றால் என்ன?" என்று கேட்டால் உங்களிற் பெரும்பாலானோர் சரியாக எழுதிவிடுவீர்கள். "வலையமைப்புகளை ஒன்றோடொன்று இணைத்து, தரவுப் பொதிகளை உரிய பாதையில் அனுப்பும் சாதனம்" என்ற வரைவிலக்கணம் மனப்பாடமாக இருக்கும். ஆனால் "மடிக்கணினி வழிப்படுத்தியுடன் இணைந்துள்ளது, எனினும் இணையத்தளம் திறக்கவில்லை. காரணத்தைக் கண்டறியும் படிமுறையைத் தருக" என்று வினா சற்றுத் திரும்பி வந்தால் பேனா நின்றுவிடுகிறது. எனது வகுப்பில் நடத்திய மாதிரிப் பரீட்சைகளில் இதற்குக் கிடைத்த விடைகளில் அதிகம் காணப்பட்டது "வழிப்படுத்தியை ரீசெற் செய்தல் வேண்டும்" என்பதே. அதற்கு நான் புள்ளி வழங்கவில்லை. ஏன் என்பதை இப்பாடத்தின் முடிவில் நீங்களே கூறுவீர்கள்.

இப்பாடத்தைக் கற்ற பின்னர் உங்களால்,
• மடிக்கணினியை வடம் மூலமும் கம்பியில்லா முறையிலும் வழிப்படுத்தியுடன் இணைக்கவும்,
• ஐ.பீ. முகவரியைப் பார்த்து இணைப்பின் நிலையைக் கூறவும்,
• தவறு எந்த இடத்தில் உள்ளது என்பதைப் படிப்படியாகக் கண்டறியவும்
முடிதல் வேண்டும்.

1. ஒரு சூழ்நிலை

பின்வரும் சூழ்நிலையைக் கருதுக. ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் தலைமை அலுவலகம் நகரில் உள்ளது. அதன் கிளை அலுவலகம் 40 கிலோமீற்றர் தொலைவில் ஓர் உட்கிராமத்தில் உள்ளது. அங்கே சிம் அட்டை பொருத்தப்பட்ட வழிப்படுத்தி ஒன்றும் மேசைக் கணினி ஒன்றும் உள்ளன. விவசாயிகளிடம் கொள்வனவு செய்த நெல்லின் கணக்கை எழுதுவினைஞர் ஒருவர் அன்றாடம் பிற்பகல் 3 மணிக்கு முன் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புதல் வேண்டும். கணக்குப் போய்ச் சேர்ந்தாற்றான் மறுநாள் விவசாயிகளுக்குப் பணம் கிடைக்கும்.

ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து அவருக்கு மடிக்கணினி ஒன்று வந்தது. அன்றைய கணக்கு முழுவதையும் அவர் அதிலேயே தயாரித்தார். வை-பை கடவுச்சொல்லை வழங்கினார். "இணைந்துள்ளது" எனத் திரையில் தோன்றியது. சமிக்ஞைக் கோடுகளும் நிறைவாக இருந்தன. ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. நேரம் 2 மணி. வழிப்படுத்தியின் பின்புறத்தில் "ரீசெற்" என்ற சிறு துளை தெரிகிறது. அருகில் உதவிக்கு எவருமில்லை.

அவர் என்ன செய்தல் வேண்டும்? விடை காண்பதற்கு முதலில் பாதையை அறிதல் வேண்டும்.

2. பாதையில் உள்ள பகுதிகள்

மடிக்கணினியிலிருந்து ஓர் இணையத்தளத்துக்குச் செல்லும் பாதையை ஐந்து பகுதிகளாகப் பிரிக்கலாம்.

(அ) மடிக்கணினி: இதிலுள்ள வலையமைப்பு அட்டையே தரவை அனுப்பிப் பெறுகின்றது.

(ஆ) ஊடகம்: வடம் அல்லது வானொலி அலை. வை-பை பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசைகளைப் பயன்படுத்துகின்றது. 2.4 சுவர்களைத் தாண்டிக் கூடிய தூரம் செல்லும். 5 குறைந்த தூரம் சென்றாலும் கூடிய வேகம் தரும்.

(இ) வழிப்படுத்தி: கிளையின் வலையமைப்புக்கும் வெளியுலகுக்கும் இடையிலான வாயில். சிறிய அலுவலகங்களில் உள்ள பெட்டி உண்மையில் பல சாதனங்களின் சேர்க்கையாகும். வழிப்படுத்தி, ஆளி, கம்பியில்லா அணுகற் புள்ளி ஆகியன ஒரே பெட்டியில் அமைந்துள்ளன. சிம் அட்டை பொருத்தும் வகையில் மொடெமும் அதனுள்ளேயே இருக்கும்.

(ஈ) இணையச் சேவை வழங்குநர்: வழிப்படுத்தியிலிருந்து தொலைபேசிக் கோபுரம் அல்லது தொலைபேசிக் கம்பி அல்லது ஒளியியல் இழை வழியாக அடையப்படுவது.

(உ) ஆள்களப் பெயர்ச் சேவையகம்: நாம் தட்டச்சு செய்யும் இணையத்தளப் பெயரை ஐ.பீ. முகவரியாக மாற்றித் தருவது.

இவற்றுள் எந்த ஒன்று தடைப்பட்டாலும் பயனருக்குத் தெரிவது ஒன்றே: "பக்கம் திறக்கவில்லை."

கவனிக்க: வை-பை சமிக்ஞைக் கோடுகள் (ஆ) பகுதியை மட்டுமே காட்டுகின்றன. அதாவது மடிக்கணினிக்கும் வழிப்படுத்திக்கும் இடையிலான வானொலி அலையின் வலிமையையே காட்டுகின்றன. வழிப்படுத்திக்கு அப்பால் இணையம் உண்டா இல்லையா என்பதை அவை கூறமாட்டா. "கோடுகள் நிறைவாக உள்ளன, எனவே இணையம் உண்டு" என எழுதுவது பிழையான விடையாகும்.

3. இணைக்கும் முறை

வடம் மூலம்:
படி 1: வழிப்படுத்திக்கு மின் வழங்கி, விளக்குகள் நிலைபெறும் வரை சில நிமிடங்கள் காத்திருக்குக.
படி 2: ஈதர்நெற் வடத்தின் ஒரு முனையை மடிக்கணினியிலும் மறு முனையை வழிப்படுத்தியின் "லான்" எனக் குறிக்கப்பட்ட துளையொன்றிலும் செருகுக. "வான்" எனக் குறிக்கப்பட்ட துளை வெளி இணைப்புக்கு உரியது. அதிற் செருகுதல் கூடாது.
படி 3: அத்துளைக்குரிய விளக்கு எரிகின்றதா எனப் பார்க்குக. எரியாவிடின் வடத்தை மாற்றிப் பார்க்குக.

முறுக்கிய சோடி வடத்தின் உயர்ந்தபட்ச நீளம் 100 மீற்றர் என்பதை நினைவிற் கொள்க.

கம்பியில்லா முறையில்:
படி 1: மடிக்கணினியின் வை-பை ஆளியை இயக்குக.
படி 2: பட்டியலில் அலுவலகத்தின் வலையமைப்புப் பெயரைத் தெரிவு செய்க. அயலில் உள்ள வேறொரு பெயரைத் தெரிவு செய்துவிடாதீர்கள்.
படி 3: கடவுச்சொல்லை வழங்குக. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு.

பாதுகாப்புக்கு டபிள்யூ.பீ.ஏ.2 அல்லது 2018 இல் அறிமுகமான டபிள்யூ.பீ.ஏ.3 முறையையே பயன்படுத்துதல் வேண்டும். 1997 இல் வந்த டபிள்யூ.ஈ.பீ. முறை எளிதில் உடைக்கப்படக்கூடியது. எனவே அது பொருத்தமற்றது.

4. முகவரி பெறுதல்

வடத்தைச் செருகுவதோடு அல்லது கடவுச்சொல்லை வழங்குவதோடு இணைப்பு முற்றுப்பெறுவதில்லை. ஒரு வீதியில் வீடு கட்டினாலும் இலக்கம் இல்லாவிடின் தபால் வந்து சேராது. அதுபோலவே வலையமைப்பில் ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பீ. முகவரி தேவை.

ஐ.பீ. பதிப்பு 4 முகவரி 32 பிற்றுகளைக் கொண்டது. இது 8 பிற்றுகள் கொண்ட நான்கு பகுதிகளாக எழுதப்படும். ஆகவே ஒவ்வொரு பகுதியும் 0 முதல் 255 வரையான பெறுமானத்தை எடுக்கலாம். உம்: 192.168.1.10. இதன்படி 192.168.1.300 என்பது செல்லுபடியான முகவரியன்று.

அலுவலகம், வீடு போன்றவற்றின் உள்ளே பயன்படுத்துவதற்கெனத் தனியார் முகவரிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவை:
• 10.0.0.0 முதல் 10.255.255.255 வரை
• 172.16.0.0 முதல் 172.31.255.255 வரை
• 192.168.0.0 முதல் 192.168.255.255 வரை

முகவரியை இரு வழிகளில் வழங்கலாம்.

தானியங்கு முறை: மடிக்கணினி "எனக்கு ஒரு முகவரி வேண்டும்" எனக் கேட்கும், வழிப்படுத்தி முகவரி ஒன்றை முன்வைக்கும், மடிக்கணினி அதை ஏற்பதாகக் கூறும், வழிப்படுத்தி உறுதி செய்யும். இந்நான்கு படிகளையும் கொண்ட நெறிமுறை டீ.எச்.சீ.பீ. எனப்படும்.

கைமுறை: பயனர் தாமாகவே நிலையான முகவரி ஒன்றைப் பதிவு செய்தல். இம்முகவரி அந்த ஒரு வலையமைப்புக்கே பொருந்தும். கணினியை வேறிடத்துக்குக் கொண்டுசென்றால் பொருந்தாது.

விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து "ஐபிகொன்பிக்" கட்டளையை வழங்கினால் மூன்று விடயங்கள் தோன்றும்: ஐ.பீ. முகவரி, சப்நெற் மாஸ்க், இயல்புநிலை நுழைவாயில். நுழைவாயில் என்பது வழிப்படுத்தியின் உட்பக்க முகவரியாகும்.

சப்நெற் மாஸ்க் 255.255.255.0 எனின், முகவரியின் முதல் மூன்று பகுதிகளும் ஒன்றாக உள்ள சாதனங்களே ஒரே வலையமைப்பைச் சேர்ந்தவை. 192.168.1.10 உம் 192.168.1.1 உம் ஒரே வலையமைப்பு. 10.20.0.15 உம் 192.168.1.1 உம் வெவ்வேறு வலையமைப்புகள்.

முகவரி 169.254 எனத் தொடங்கினால், மடிக்கணினி கேட்டும் எவரும் முகவரி வழங்கவில்லை, எனவே அது தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்பது பொருளாகும். அம்முகவரியைக் கொண்டு இணையத்தை அடைய முடியாது.

5. அண்மையிலிருந்து சேய்மைக்கு

தவறு தேடும்போது ஒரே விதிதான் உண்டு. உங்களுக்கு மிக அண்மையில் உள்ளதிலிருந்து தொடங்கிச் சேய்மையில் உள்ளதை நோக்கிச் செல்லுங்கள். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே சோதியுங்கள்.

அதற்கு முன் ஒரு கேள்வி: ஒரு கணினி மட்டும் பாதிக்கப்பட்டுள்ளதா, எல்லாக் கணினிகளுமா? மற்றைய கணினி இயங்குமாயின் வழிப்படுத்தியும் அதற்கு அப்பாலுள்ள பாதையும் பெரும்பாலும் சரி. தவறு உங்கள் கணினியிலோ அதன் ஊடகத்திலோதான் இருக்கும். இந்த ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும்.

அடுத்து "பிங்" கட்டளை. இது குறித்த முகவரிக்குச் சிறு பொதிகளை அனுப்பி மறுமொழி வருகின்றதா எனப் பார்க்கும். விண்டோஸில் இயல்பாக நான்கு பொதிகள் அனுப்பப்படும்.

சோதனை 1: பிங் 127.0.0.1. இது கணினி தன்னைத்தானே அழைக்கும் முகவரி. மறுமொழி வந்தால் கணினியின் வலையமைப்பு மென்பொருள் இயங்குகின்றது.
சோதனை 2: பிங் 192.168.1.1, அதாவது வழிப்படுத்தியின் முகவரி. மறுமொழி வந்தால் ஊடகமும் முகவரியும் சரி.
சோதனை 3: பிங் 8.8.8.8. இது கூகிள் நிறுவனத்தின் பொது ஆள்களப் பெயர்ச் சேவையகம். மறுமொழி வந்தால் வழிப்படுத்திக்கு அப்பாலும் பாதை திறந்துள்ளது.
சோதனை 4: ஓர் இணையத்தளத்தின் பெயரைக் கொண்டு பிங் செய்தல். சோதனை 3 வெற்றியாகி, பெயரை முகவரியாக மாற்ற முடியவில்லை என இங்கு செய்தி தோன்றினால், தவறு ஆள்களப் பெயர் முறைமையில் உள்ளது.

எந்தச் சோதனையில் முதன்முதலாக மறுமொழி நிற்கின்றதோ, அதற்கும் முந்திய சோதனைக்கும் இடையிலேயே தவறைத் தேடுதல் வேண்டும். ஒரு விதிவிலக்கு: சில சாதனங்கள் பாதுகாப்புக் கருதிப் பிங்கிற்கு மறுமொழி தருவதில்லை. எனவே மறுமொழி வந்தால் பாதை உண்டு என உறுதியாகக் கூறலாம். வராவிட்டால் வேறு சான்றுகளையும் சேர்த்தே முடிவெடுத்தல் வேண்டும்.

6. சூழ்நிலைக்குத் திரும்புவோம்

எழுதுவினைஞர் தலைமை அலுவலகத்தின் கணினி உத்தியோகத்தரைத் தொலைபேசியில் அழைக்கின்றார்.

"சேர், இன்ரநெற் வேலை செய்யுதில்லை."

இந்த வசனத்தைக் கொண்டு 40 கிலோமீற்றருக்கு அப்பாலிருப்பவர் என்ன செய்வது? அவரால் திரையையும் பார்க்க முடியாது, விளக்குகளையும் பார்க்க முடியாது. அவர் கேட்கின்றார்:

"பிள்ளை, அங்க இருக்கிற மற்றக் கணினி வேலை செய்யுதா?"

"ஓம் சேர், அது வேலை செய்யுது."

"அப்ப ரவுட்டரில கை வைக்காதீங்கோ. ரெண்டு கணினியிலயும் ஐபிகொன்பிக் அடிச்சு, வாறதை வாசியுங்கோ."

மேசைக் கணினியில் 192.168.1.11, நுழைவாயில் 192.168.1.1. மடிக்கணினியில் 10.20.0.15, நுழைவாயில் 10.20.0.1. இரண்டிலும் சப்நெற் மாஸ்க் 255.255.255.0.

காரணம் தெளிவாகிவிட்டது. தலைமை அலுவலகத்தில் பயன்படுத்தியபோது அந்த மடிக்கணினிக்கு நிலையான முகவரி கைமுறையாக வழங்கப்பட்டிருந்தது. கிளைக்கு வந்த பின்னும் அது பழைய முகவரியையே வைத்திருந்தது. வை-பை இணைந்தது உண்மை. ஆனால் வழிப்படுத்தி ஒரு வலையமைப்பிலும் மடிக்கணினி வேறொரு வலையமைப்பிலும் இருந்தன. வை-பை அமைப்பில் ஐ.பீ. முகவரி, ஆள்களப் பெயர்ச் சேவையகம் இரண்டையும் "தானாகப் பெறுக" என மாற்றியவுடன் 192.168.1.12 என்ற முகவரி கிடைத்தது. 3 மணிக்கு முன் கணக்கு அனுப்பப்பட்டது.

அவர் ரீசெற் துளையை அழுத்தியிருந்தால்? வழிப்படுத்தி தொழிற்சாலையிலிருந்து வந்தபோதிருந்த நிலைக்குத் திரும்பியிருக்கும். அலுவலகம் இட்ட வை-பை பெயர், கடவுச்சொல், தலைமை அலுவலகத்தோடு இணைக்கும் மெய்நிகர் தனியார் வலையமைப்பின் அமைப்புகள் யாவும் அழிந்திருக்கும். இயங்கிக்கொண்டிருந்த மேசைக் கணினியாலும் கணக்கை அனுப்ப முடியாமற் போயிருக்கும். மடிக்கணினியின் தவறோ அப்படியே இருந்திருக்கும். அவற்றை மீண்டும் அமைக்க ஒருவர் 40 கிலோமீற்றர் பயணம் செய்து வரவேண்டும். அதுவரை விவசாயிகள் காத்திருக்க வேண்டும்.

ரீசெற் என்பதும் மீள இயக்கல் என்பதும் ஒன்றல்ல. மின்னை நிறுத்தி மீண்டும் வழங்குவது மீள இயக்கல். அதனால் அமைப்புகள் அழிவதில்லை. எல்லாக் கணினிகளும் பாதிக்கப்பட்டிருந்தால் அதைச் செய்து பார்க்கலாம். ரீசெற் செய்வதாயின் அமைப்புகள் யாவும் எழுத்தில் கைவசம் இருத்தல் வேண்டும்.

7. மாதிரி வினாவும் விடையும்

மேற்கூறிய கிளையின் மேசைக் கணினி (அ), மடிக்கணினி (ஆ) ஆகியவற்றின் ஆரம்ப முகவரிகளைக் கொண்டு விடை தருக.

(i) வழிப்படுத்தியின் உட்பக்க முகவரி யாது? (1 புள்ளி)
விடை: 192.168.1.1

(ii) வழிப்படுத்தியுடன் ஒரே வலையமைப்பில் உள்ள கணினி எது? காரணம் தருக. (3 புள்ளிகள்)
விடை: கணினி (அ). சப்நெற் மாஸ்க் 255.255.255.0 ஆதலால் முதல் மூன்று பகுதிகளும் ஒன்றாக இருத்தல் வேண்டும். (அ) இன் 192.168.1 என்ற பகுதி வழிப்படுத்தியின் முகவரியுடன் ஒத்துள்ளது.

(iii) வை-பை இணைந்திருந்தும் (ஆ) இணையத்தை அடையாதது ஏன்? (2 புள்ளிகள்)
விடை: அதன் நிலையான முகவரி வேறொரு வலையமைப்புக்கு உரியது. அதன் நுழைவாயிலாகிய 10.20.0.1 கிளையின் வலையமைப்பில் இல்லை.

(iv) முகவரியைத் தானாக வழங்கும் நெறிமுறை எது? அது இப்பிரச்சினையை எவ்வாறு தீர்க்கும்? (2 புள்ளிகள்)
விடை: டீ.எச்.சீ.பீ. கணினி இணையும் வலையமைப்புக்குப் பொருந்தும் முகவரியையும் நுழைவாயிலையும் வழங்கும்.

(v) இங்கு ரீசெற் செய்தல் பொருத்தமற்றது என்பதற்கு இரு காரணங்கள் தருக. (2 புள்ளிகள்)
விடை: தவறு வழிப்படுத்தியில் இல்லை. ரீசெற் செய்தால் வழிப்படுத்தியின் அமைப்புகள் அழிந்து மற்றைய கணினியின் வேலையும் தடைப்படும்.

8. பயிற்சி

தவறு எங்கே உள்ளது எனக் கூறுக.
1. மடிக்கணினியின் முகவரி 169.254.20.7.
2. எல்லாக் கணினிகளிலும் பிங் 192.168.1.1 மறுமொழி தருகின்றது, பிங் 8.8.8.8 மறுமொழி தரவில்லை.
3. பிங் 8.8.8.8 மறுமொழி தருகின்றது. எந்த இணையத்தளப் பெயரும் திறக்கவில்லை.
4. இரு கணினிகளுக்கும் 192.168.1.12 என்ற முகவரி கைமுறையாக வழங்கப்பட்டுள்ளது.

விடைகள்: 1. டீ.எச்.சீ.பீ. மூலம் முகவரி கிடைக்கவில்லை. 2. வழிப்படுத்திக்கு அப்பால், சேவை வழங்குநரை நோக்கிய பாதையில். 3. ஆள்களப் பெயர் முறைமையில். 4. முகவரி மோதல், ஒரு வலையமைப்பில் ஒரு முகவரி ஒரு சாதனத்துக்கே உரியது.

நினைவிற் கொள்க

மாணவர்களே, "வேலை செய்யவில்லை" என்பது தொலைபேசியிலும் விடையாகாது, விடைத்தாளிலும் விடையாகாது. எதுவரை வேலை செய்கின்றது, எந்த இடத்தில் நிற்கின்றது என்று கூறுவதே விடை. நுழைவாயில், சப்நெற் மாஸ்க், டீ.எச்.சீ.பீ. ஆகிய சொற்களை நீங்கள் கற்பது அந்த இடத்தைப் பெயர் சொல்லிக் காட்டுவதற்கே. இன்று வீட்டிலோ பாடசாலைக் கணினிக் கூடத்திலோ ஒரு கணினியில் ஐபிகொன்பிக் கட்டளையை வழங்கி, தோன்றும் மூன்று விடயங்களையும் கொப்பியில் எழுதி, ஒவ்வொன்றும் எதைக் குறிக்கின்றது என அருகில் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த அலகைத் தொடங்குமுன் இதைச் செய்து முடியுங்கள்.